மார்க்கர் வச்சு நல்ல ரகத்தோட ஒரு குறையை சரி பண்றது எப்படி: கிராஸ்லேர்ந்து விதை வரைக்கும்

ஒரு ரகம் இருக்கு, நல்லா விளையுது, அரிசி நல்லா இருக்கு, விவசாயிங்க விடாம போடுறாங்க, ஆனா ஒரே ஒரு குறை. வெள்ளம் ஒரு வாரம் நின்னா செத்துடுது, இல்லன்னா ஒரு நோய் வந்தா இலை மொத்தமும் காஞ்சு வைக்கோல் ஆயிடுது. அந்த குறையை மட்டும் எடுத்துட்டு மத்ததெல்லாம் இப்ப இருக்கற மாதிரியே இருக்கணும்னா என்ன பண்றது, அதைத்தான் இங்க படிப்படியா எழுதுறேன். எந்த பயிரா இருந்தாலும் அடிப்படை ஒண்ணுதான், நான் நெல்லை வச்சு சொல்றேன், ஏன்னா நெல்லுக்கு 12 ஜோடி குரோமோசோம்தான், ஜீனோமும் (மொத்த டிஎன்ஏ) சின்னது, கிட்டத்தட்ட 39 கோடி டிஎன்ஏ எழுத்து, 2005லயே படிச்சு முடிச்சுட்டாங்க. கோதுமைன்னா 1600 கோடி எழுத்து, அதுலயும் மூணு செட் ஜீனோம் ஒண்ணா கெடக்கும், தலை சுத்தும்.

ஆரம்பத்துலயே ஒண்ணு சொல்லிடுறேன். புதுசா வர்றவங்க எல்லாரும் பிசிஆர் (டிஎன்ஏ துண்டை பிரதி எடுத்து பெருக்கறது), ஜெல் (அந்த துண்டுகளை நீளவாரியா பிரிச்சு காட்டறது), சாஃப்ட்வேர்னு லேப் பக்கம்தான் பயப்படுவாங்க, ஆனா லேப் வேலை ரெண்டு மாசத்துல கை பழகிடும். சொதப்பல் எல்லாம் அதுக்கு முன்னாடியும் பின்னாடியும்தான் நடக்கும். என்ன வேணும்னு தெளிவில்லாம கிராஸ் போடுறது, லேபிள் மாறிப்போறது, கடைசில வயல்ல பாக்காம மார்க்கர் (ஜீனை காட்டிக்குடுக்கற டிஎன்ஏ அடையாளம்) இருக்குன்னு மட்டும் நம்பிடறது. மார்க்கர் வெறும் சல்லடை, நீங்க எதை கொட்டுறீங்களோ அதைத்தான் அது சலிக்கும்.

படி 1: என்ன வேணும்னு ஒரு வரியில எழுதுங்க

"நல்ல ரகம் வேணும்"னு எழுதினா அது ஆசை, திட்டம் இல்ல. "இந்த ரகம் ரெண்டு வாரம் முழுசா தண்ணில முங்கினாலும் பொழைக்கணும், உயரம், வயசு, அரிசி எதுவும் மாறக்கூடாது", இப்படி இருக்கணும். எழுதினப்புறம் ஒரே கேள்விதான், இந்த குணத்தை ஒண்ணு ரெண்டு பெரிய ஜீன் ஆட்டி வைக்குதா, இல்ல நூத்துக்கணக்கான சின்னச் சின்ன ஜீன் சேர்ந்து பண்ற வேலையா? பதிலை பொறுத்து வழியே மாறிடும்.

வெள்ளத்தையே எடுத்துக்குவோம். ஒடிசாவோட எஃப்ஆர்13ஏங்கற பழைய ரகம் ரெண்டு வாரம் வரைக்கும் முங்கி கெடந்துட்டு திரும்ப துளிர்க்கும். 1996ல 9வது குரோமோசோம்ல இருக்கற சப்1ங்கற ஒரே இடம்தான் இந்த குணத்துல பெரும்பங்குன்னு கண்டுபிடிச்சாங்க, பத்து வருஷம் கழிச்சு 2006ல அதுக்குள்ள சப்1ஏங்கற ஜீன்தான் ஆளுன்னு தெரிஞ்சுது. அது பண்ற வேலையை பாத்தா ஆச்சரியமா இருக்கும். சாதாரண நெல்லு முங்கினா எப்படியாவது தலையை வெளிய நீட்டிடணும்னு மடமடன்னு நீளும், கையிருப்பு மாவுச்சத்தெல்லாம் அதுலயே கரைஞ்சிடும், தண்ணி வடியும்போது சாஞ்சு விழுந்து செத்துடும். சப்1ஏ இருக்கற செடி வளர்ச்சியை அடக்கிட்டு கம்முனு கெடக்கும், தண்ணி வடிஞ்சதும் மிச்சம் வச்சிருக்கற சத்துல எழுந்துக்கும். ஒரு ஜீன், ஒரு குணம், பெரிய பலன், மார்க்கர் பேக்கிராஸுக்கு (வாரிசை திரும்பத் திரும்ப நல்ல ரகத்தோடயே கிராஸ் பண்ணி, மார்க்கர் பாத்து பொறுக்கறது) இதைவிட தோதான கேஸ் கிடைக்காது. சுவர்ணாங்கற ரகத்துல இதை ஏத்தி சுவர்ணா-சப்1னு பிலிப்பைன்ஸ்ல இருக்கற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிச்சு, 2009ல இந்தியாவுல வெளியிட்டாங்க.

நீங்க எழுதின வரியில "மகசூல் கூடணும்"னு இருந்தா இப்ப சொல்லப்போற பேக்கிராஸ் வழி உங்களுக்கு இல்ல, கீழ ஜீனோமிக் செலக்‌ஷன் பத்தி எழுதியிருக்கேன், அங்க போங்க.

படி 2: டோனரும் மார்க்கரும்

குணத்தை குடுக்கற செடி டோனர், வாங்கிக்கற நல்ல ரகம் ரெகரன்ட் பேரன்ட். டோனர் பெரும்பாலும் பாக்க சகிக்காது, உயரமா இருக்கும், சாயும், மகசூல் வராது. உப்பு தாங்கறதுக்கு கேரளாவோட பொக்காளியிலேர்ந்து வந்த சால்டால்னு ஒரு இடத்தை 1வது குரோமோசோம்லேர்ந்து எடுப்பாங்க, பொக்காளி நெட்டையா வளர்ற செவப்பு அரிசி, அதெல்லாம் கூட வந்துட்டா யாரும் வாங்க மாட்டாங்க. அதனால முடிஞ்சா நேரடியா பழைய ரகத்துக்கு போகாம, ஏற்கனவே யாராவது அந்த ஜீனை ஓரளவு நல்ல ரகத்துல ஏத்தி வச்சிருக்காங்களான்னு தேடுங்க, ரெண்டு தலைமுறை மிச்சம்.

மார்க்கர்னா என்னன்னு கேட்டா, குரோமோசோம்ல அந்த ஜீனுக்கு பக்கத்துலயோ உள்ளயோ டோனருக்கும் உங்க ரகத்துக்கும் வித்தியாசமா இருக்கற ஒரு எழுத்துத் துண்டு, அவ்வளவுதான். எஸ்எஸ்ஆர்னா ரெண்டு மூணு எழுத்து திரும்பத் திரும்ப வர்ற இடம், எத்தனை தடவை திரும்புதுங்கறதுல நீளம் மாறும். எஸ்என்பின்னா ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கறது, அதை காஸ்ப் மாதிரி முறையில ஜெல்லே ஓட்டாம வெளிச்சத்தோட கலரை வச்சு படிச்சிடலாம். ஜீனுக்குள்ளயே இருக்கற மார்க்கர் கிடைச்சா கண்ணை மூடிட்டு அதை எடுங்க, ஏன்னா 5 சென்டிமார்கன் (குரோமோசோம்ல தூரத்தை அளக்கற அளவு, 1 சென்டிமார்கன்னா நூத்துக்கு ஒரு தடவை ரெண்டும் பிரிஞ்சு போகும்) தள்ளி இருக்கற மார்க்கரை நம்பினா நூத்துக்கு அஞ்சு தடவை மார்க்கர் இருக்கும் ஜீன் இருக்காது.

ஜீன் எங்க இருக்குன்னே தெரியலன்னா முதல்ல மேப்பிங் பண்ணனும். ரெண்டு எதிரெதிர் செடியை கிராஸ் பண்ணி, அதோட வாரிசுகளை எட்டாவது தலைமுறை (எஃப்8) மாதிரி வரைக்கும் தன் மகரந்தத்துலயே விட்டு ஆர்ஐஎல்னு சொல்ற நிலையான லைன்களாக்கி, ஒவ்வொரு லைனுக்கும் குணத்தை அளந்து, எந்த மார்க்கரோட அது சேர்ந்து ஓடுதுன்னு பாக்கறது. அது தனியா ஒரு மூணு நாலு வருஷ வேலை, இந்த வழிகாட்டிக்குள்ள அடங்காது.

படி 3: ரெண்டு பேரன்ட்டையும் முதல்ல ஓட்டிப் பாருங்க

இதை தாண்டி குதிக்கற ஆளுங்கதான் அதிகம், பின்னாடி உக்காந்து அழுவாங்க. கிராஸ் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு பேரன்ட்டோட டிஎன்ஏவை எடுத்து, 12 குரோமோசோம்லயும் பரவலா மார்க்கரை ஓட்டி, எது எதுல ரெண்டும் வித்தியாசமா தெரியுதுன்னு லிஸ்ட் போடணும். ரெண்டும் ஒரே மாதிரி பேண்ட் (ஜெல்லுல தெரியற கோடு) குடுத்தா அந்த மார்க்கர் உங்களுக்கு குப்பை, வேற யாரோ எழுதின கட்டுரையில சூப்பரா வேலை செஞ்சிருந்தாலும் சரி. நெருங்கின சொந்தமா இருக்கற ரெண்டு ரகம்னா பாதிக்கு மேல குப்பைதான். மூணு வகை லிஸ்ட் வேணும்: ஜீன் மேலயே இருக்கற ஒண்ணு, அதுக்கு ரெண்டு பக்கமும் காவல் மாதிரி நிக்கற ரெண்டு, மிச்ச ஜீனோம் முழுக்க தெளிச்ச மாதிரி ஒரு 60லேர்ந்து 100.

படி 4: கிராஸ்

நெல்லுப்பூ தானே கருத்தரிச்சுக்கும், அதனால அதை முந்திக்கணும். சாயங்காலமா, மறுநாள் பூக்கப்போற கதிரை எடுத்துக்குங்க, ஏற்கனவே பூத்த மேல் பூக்களையும் ரொம்ப பிஞ்சா இருக்கற கீழ் பூக்களையும் வெட்டி போட்டுடுங்க. மிச்சம் இருக்கற ஒவ்வொரு பூவோட நுனியையும் மூணுல ஒரு பங்கு கத்தரியால சாய்வா வெட்டி, உள்ள இருக்கற 6 மகரந்தப்பையையும் நுனி ஃபோர்செப்ஸால எடுக்கணும். ஆறுன்னா ஆறு, எண்ணுங்க. அஞ்சு எடுத்துட்டு ஆறாவதை விட்டீங்கன்னா அந்த விதை கிராஸ் இல்ல, செல்ஃப், அதாவது தன் மகரந்தத்துலயே கட்டின விதை. சூல்முடி மேல ஃபோர்செப்ஸ் பட்டா அந்த பூவும் போச்சு. முடிஞ்சதும் பட்டர் பேப்பர் கவர் போட்டு, மறுநாள் காலையில பூ திறக்கற நேரத்துல டோனர் கதிரை மேல வச்சு தட்டி விட்டு திரும்ப மூடிடணும்.

லேபிளை பென்சில்ல எழுதுங்க. பேனா மழையில ஓடும், பர்மனன்ட் மார்க்கர்னு விக்கறது வெயில்ல ஒரு மாசத்துல வெளுத்துடும், லேப்ல எத்தனால் ஒரு சொட்டு பட்டா ட்யூப் நம்பரே காணாம போயிடும். நான் ஒரு சீசன் முழுசும் போட்ட பேக்கிராஸ்ல 40 செடியோட அடையாளத்தை இப்படித்தான் தொலைச்சேன், அதுலேர்ந்து பென்சில்தான், கூட நோட்புக்ல வயலோட படத்தை போட்டு எந்த வரிசையில எத்தனாவது செடின்னு இன்னொரு தடவை எழுதி வச்சுக்கறேன்.

கிராஸ் விதையிலேர்ந்து முதல் தலைமுறை செடி (எஃப்1) முளைச்சதும் மார்க்கர் ஓட்டி நிஜமா கிராஸ்தானான்னு பாருங்க. ரெண்டு பேரன்ட் பேண்டும் தெரியணும், ஒண்ணு மட்டும் தெரிஞ்சா அந்த ஆறாவது பையை விட்ட கேஸ்தான், பிடுங்கி போடுங்க.

படி 5: இலை, டிஎன்ஏ, பிசிஆர்

இதை வேகமா சொல்லிடுறேன், எல்லா லேப்லயும் ஒரு முறை தாள் ஒட்டியே வச்சிருப்பாங்க. இளம் இலை, விரல் நீளம் போதும், முத்தின இலையில மாவுச்சத்தும் பிசுபிசுப்பும் அதிகம். அரைச்சு சிடிஏபி பஃபர்ல 65 டிகிரியில வச்சு, குளோரோஃபார்ம்ல கழுவி, ஐசோப்ரொப்பனால் ஊத்தினா டிஎன்ஏ வெள்ளை நூலா திரண்டு வரும், 70 சதவீத எத்தனால்ல கழுவி காய வச்சு கரைச்சுக்கலாம். பிசிஆர்ல 94 டிகிரியில ரெண்டு இழையும் பிரியும், 55 பக்கத்துல ப்ரைமர் ஒட்டும், 72ல புது இழை நீளும், 35 சுத்து. எஸ்எஸ்ஆர்னா 3 சதவீதம் அகரோஸ் ஜெல். எத்திடியம் ப்ரோமைடு தொட்ட கையோட செல்போனை எடுக்கற பழக்கம் இருந்தா இன்னைக்கே விடுங்க, அது டிஎன்ஏக்குள்ள போய் உக்கார்ற சாமான், உங்க டிஎன்ஏவும் டிஎன்ஏதான்.

பிளேட்ல 96 குழி இருக்கு, ஆனா 92 செடிதான் போடுங்க. மிச்சம் நாலுல ஒண்ணு டோனர், ஒண்ணு உங்க ரகம், ஒண்ணு எஃப்1, ஒண்ணு வெறும் தண்ணி. தண்ணி குழியில பேண்ட் வந்தா எங்கயோ கலந்துடுச்சு, அந்த பிளேட்டை நம்பாதீங்க. இன்னொண்ணு, கலப்பு செடியில ரெண்டு பேண்ட் வரணும், ஆனா சின்ன துண்டு வேகமா பெருகிடும், பெரிய பேண்ட் மங்கலா போய் செல்ஃப் மாதிரி தெரியும். அதுக்குத்தான் பக்கத்துலயே எஃப்1 குழி, கண்ணு அதை பாத்து பாத்து பழகிக்கும்.

படி 6: பேக்கிராஸும் மூணு சல்லடையும்

எஃப்1ஐ திரும்ப உங்க ரகத்தோட கிராஸ் பண்ணா பிசி1, சராசரியா 75 சதவீதம் உங்க ரகம். பிசி2ல 87.5, பிசி3ல 93.75. மார்க்கர் இல்லாம பழைய முறையில பிசி6 வரைக்கும் போனா 99 சதவீதத்தை தாண்டும், அதாவது ஆறு சீசன். சராசரின்னு சொன்னதை கவனிங்க, ஒவ்வொரு செடியும் ஒரே மாதிரி இருக்காது, பிசி1லயே 85 இருக்கற செடியும் இருக்கும், 65 இருக்கறதும் இருக்கும். அந்த 85ஐ தேடிப் பிடிக்கறதுக்குத்தான் இவ்வளவு வேலையும்.

முதல் சல்லடை, ஜீன் இருக்கா இல்லையா. பேக்கிராஸ்ல பாதிக்கு பாதி. ஒரு பிரதி மட்டும் இருந்தா கண்ணுக்கு தெரியாத ரெசசிவ் ஜீன்னா இங்கதான் மார்க்கரோட அருமை தெரியும். இலையை காய வைக்கற பாக்டீரியல் ப்ளைட் நோயை தாங்கற எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ13 ஜீன் ரெண்டும் ரெசசிவ், பேக்கிராஸ் செடியில நோய் குடுத்து பாத்தா ஒண்ணும் தெரியாது, ஒவ்வொரு தலைமுறைக்கும் நடுவுல செல்ஃப் பண்ணி பாக்கணும், மார்க்கர் இருந்தா நாத்துலயே தெரிஞ்சிடும். அந்த ரெண்டோட எக்ஸ்ஏ21ஐயும் சேத்து மூணு ஜீனை சம்பா மசூரியில ஏத்தி 2008ல இம்ப்ரூவ்டு சம்பா மசூரின்னு ஐதராபாத்துல கொண்டு வந்தாங்க. எதுக்கு மூணுன்னா, ஒரே ஜீனை நம்பினா பாக்டீரியா கொஞ்ச வருஷத்துல மாறிக்கும், மூணு பூட்டையும் ஒரே நேரத்துல ஒடைக்கறது கஷ்டம்.

எத்தனை செடி வேணும்? ஒரு ஜீன்னா வாய்ப்பு ரெண்டுல ஒண்ணு, 99 சதவீத நிச்சயத்தோட ஒரு செடியாவது வேணும்னா 7 விதை போதும். மூணு ஜீன்னா எட்டுல ஒண்ணு, 35 விதை. இது ஒரே ஒரு செடி கிடைக்கறதுக்கு, உங்களுக்கு அடுத்த ரெண்டு சல்லடையும் பாக்கியிருக்கு, அதனால இதை விட பல மடங்கு போடணும்.

ரெண்டாவது சல்லடைதான் என்னை கேட்டா இருக்கறதுலயே முக்கியம், ஆனா இதைத்தான் நிறைய பேர் செய்யறதில்ல. மேல சொன்ன 87.5, 93.75 எல்லாம் மத்த குரோமோசோமுக்கு. நீங்க பிடிச்சு வச்சிருக்கற ஜீனை சுத்தி இருக்கற துண்டுக்கு அந்த கணக்கு செல்லாது, ஜீனை இழுத்தா அதோட ஒட்டிக்கிட்டு டோனரோட நீளத்துண்டும் வரும், அதுல நெட்டை உயரமோ மோசமான அரிசியோ உக்காந்திருக்கலாம். லிங்கேஜ் டிராக்னு பேரு. அந்த துண்டை வெட்டணும்னா ஜீனுக்கும் காவல் மார்க்கருக்கும் நடுவுல குரோமோசோம் ஜோடி துண்டு மாத்திக்கிட்ட செடி வேணும். ரெண்டு பக்கமும் 5 சென்டிமார்கன்ல காவல் இருக்குன்னு வைங்க, ஜீன் இருக்கற 100 செடியில ஏதோ ஒரு பக்கம் வெட்டுப்பட்டது சுமாரா 10 கிடைக்கும். ரெண்டு பக்கமும் ஒரே தலைமுறையில வெட்டுப்பட்டது வேணும்னா 400 செடியில ஒண்ணு. அதனால பேராசைப்படாம பிசி1ல ஒரு பக்கத்தை வெட்டுங்க, பிசி2ல மறுபக்கம்.

மூணாவது, மிச்சம் இருக்கற கொஞ்ச செடியில மட்டும் அந்த 60-100 மார்க்கரை ஓட்டி எது உங்க ரகத்துக்கு ரொம்ப கிட்ட இருக்குன்னு பாருங்க. இந்த வரிசையை மாத்தாதீங்க, எல்லா செடியிலயும் எல்லா மார்க்கரையும் ஓட்டினா காசும் போகும் நேரமும் போகும். இப்படி போனா பிசி2 இல்ல பிசி3லயே நின்னுடலாம்.

படி 7: செல்ஃப் பண்ணி நிலைப்படுத்துறது

பேக்கிராஸ் செடியில ஜீன் ஒரு பிரதிதான் இருக்கு. அதை தானே விதை கட்ட விட்டா நாலுல ஒண்ணுல ரெண்டு பிரதியும் வரும், அதை மார்க்கர்ல பொறுக்குங்க. மூணு ஜீன்னா 64ல ஒண்ணு, 99 சதவீத நிச்சயத்துக்கு 293 செடி ஓட்டணும். இந்த கணக்கை முன்னாடியே போடாதவங்க 50 நாத்தை விட்டுட்டு ஏன் கிடைக்கலன்னு கேப்பாங்க.

பேக்கிராஸ் சரிப்படாத இடம்

மகசூல், வறட்சியில நிக்கறது மாதிரி குணத்துக்கு ஒவ்வொரு ஜீனும் துளித்துளியா பங்கு போடும், தனித்தனியா துரத்த முடியாது. 2001ல மியூவிசன், ஹேய்ஸ், கோடார்ட்னு மூணு பேர் ஒரு யோசனை எழுதினாங்க, எந்த ஜீன்னு தேடவே வேண்டாம், ஜீனோம் முழுக்க இருக்கற ஆயிரக்கணக்கான மார்க்கர் எல்லாத்துக்கும் ஒரு மதிப்பு போட்டு கூட்டிப் பாப்போம்னு. அதுதான் ஜீனோமிக் செலக்‌ஷன். ஒரு கூட்டம் லைன்களை வயல்லயும் அளந்து மார்க்கரும் ஓட்டி மாடலுக்கு கத்துக் குடுப்பீங்க, அப்புறம் புது நாத்துகளை மார்க்கரை மட்டும் பாத்து பொறுக்குவீங்க. கத்துக்குடுத்த கூட்டத்துக்கு சொந்தமில்லாத செடிக்கு போனா கணிப்பு ஊத்திக்கும், ரெண்டு மூணு தலைமுறை தாண்டினாலும் மங்கிடும், அதனால அப்பப்ப திரும்ப வயல்ல அளந்து மாடலை புதுப்பிக்கணும்.

கிரிஸ்பர் (ஜீனை குறிவச்சு வெட்டற முறை) பத்தி கேப்பீங்க. 2012ல ஷார்பென்டியேவும் டௌட்னாவும் காட்டின முறை, 2020ல நோபல் வாங்கினாங்க. 20 எழுத்து வழிகாட்டி ஆர்என்ஏ போய் குறிப்பிட்ட இடத்தை காட்டும், கேஸ்9ங்கற நொதி அங்க வெட்டும், செடி அதை தப்பும் தவறுமா ஒட்டும்போது ஜீன் செயலிழக்கும். ஏற்கனவே உள்ள ஜீனை அணைக்கணும்னா இதை மாதிரி சுத்தமான வேலை இல்ல, டோனரும் வேண்டாம், லிங்கேஜ் டிராக்கும் கிடையாது. ஆனா சப்1ஏ மாதிரி உங்க ரகத்துல இல்லாத முழு ஜீன் வேணும்னா பேக்கிராஸ்தான் இன்னும் எளிசு. வெட்டு வேலை முடிஞ்சதும் அடுத்த தலைமுறையில கேஸ்9 இல்லாத செடியை பொறுக்கறதை மறக்கக்கூடாது, கேஸ்9 ஜீன் ஒரே இடத்துல நுழைஞ்சிருந்தா நாலுல ஒரு செடி சுத்தமா இருக்கும்.

சீசனை சுருக்கறதுக்கு ஸ்பீட் ப்ரீடிங், 22 மணி நேரம் வெளிச்சம் குடுத்து கோதுமையில வருஷத்துக்கு 6 தலைமுறை வரைக்கும் எடுக்கறாங்க. அதை பாத்துட்டு நெல்லை 22 மணி நேரம் லைட்டுல வச்சுடாதீங்க, நெல்லு குறும்பகல் பயிர், பல ரகம் ரொம்ப தாமதமா பூக்கும், இல்ல பூக்கவே பூக்காம நிக்கும்.

படி 8: மார்க்கரை மறந்துட்டு செடியை பாருங்க

ஜெல்லுல பேண்ட் இருக்கு, சரி, செடி பொழைக்குதா? 14 நாள் நாத்தை தொட்டியில வச்சு 14 நாள் முழுசா முக்கி, தண்ணியை வடிச்சு, ஒரு வாரம் கழிச்சு எத்தனை துளிர்த்துச்சுன்னு எண்ணுங்க. பக்கத்துலயே எஃப்ஆர்13ஏவும், முங்கினா சாகற ஐஆர்42வும், உங்க பழைய ரகமும் இருக்கணும். ஐஆர்42 சாகலன்னா சோதனையே தப்பு, தண்ணி ஆழம் பத்தலை இல்ல தெளிவா இருந்துருக்கு, முதல்லேர்ந்து பண்ணுங்க.

அப்புறம் வெள்ளமே இல்லாத சாதாரண வயல்ல பழைய ரகத்தோட பக்கத்துல பக்கத்துல போடுங்க, குறைஞ்சது மூணு ரெப்ளிகேஷன் (அதே சோதனையை திரும்ப போடற பாத்தி), இடத்தை குலுக்கிப்போட்டு, ஓரத்துல காவல் வரிசை விட்டு, பல இடத்துல, ரெண்டு சீசனாவது. பூக்கற நாள், உயரம், தூர், ஆயிரம் மணி எடை, அரைச்சு சமைச்சு ருசி, எதுலயாவது பழைய ரகத்துலேர்ந்து விலகி நின்னா எங்கயோ டோனர் துண்டு ஒளிஞ்சிருக்கு. அந்த லைன் எவ்வளவு ஆசையா வளத்ததா இருந்தாலும் விட்டுட்டு அதோட அண்ணன் தம்பி லைனை பாருங்க, இதுக்குத்தான் படி 7ல ஒரு செடியோட நிக்காம நாலஞ்சு வச்சிருக்கணும்.

தேறின லைனுக்கு மூல விதை எடுக்கும்போது கதிர் கதிரா பிரிச்சு ஒவ்வொரு கதிரையும் ஒரு வரிசையா விதைங்க, ஒவ்வொரு வரிசையிலேர்ந்தும் ஒரு இலை எடுத்து ஜீன் மார்க்கரை கடைசியா ஒரு தடவை ஓட்டுங்க. ஒரு வரிசையில ஒரு செடி வேற மாதிரி தெரிஞ்சா அந்த செடியை மட்டும் பிடுங்கிட்டு போகாதீங்க, வரிசை முழுசையும் பிடுங்கிடுங்க, அதுவும் பூக்கறதுக்கு முன்னாடியே.